முதலில் கண், அப்புறம் கார்டு

செகந்திராபாத் பார்க் லேனில் உள்ள செனாய் டிரேட் சென்டரை முழுப் பெயர் சொல்லி அழைப்பவர்கள் குறைவு. சி.டி.சி. என்றால் போதும். சென்னைக்கு ரிச்சி தெரு, பெங்களூருக்கு எஸ்.பி. ரோடு, தில்லிக்கு நேரு பிளேஸ் எப்படியோ, ஹைதராபாதுக்கு இது அப்படி. மாடிக்கு மாடி கம்ப்யூட்டர் கடைகள். கண்ணாடிப் பெட்டிகளுக்குள் சிவப்பும் நீலமுமாக மின்னும் விசிறிகள். விடுமுறை நாட்களில் இங்கே அடிக்கடி காணக் கிடைக்கும் ஒரு காட்சி உண்டு. முன்னால் பதினேழு, பதினெட்டு வயதுப் பையன். இரண்டடி பின்னால் அவன் அப்பா. பையனின் மொபைலில் ஒரு பட்டியல். அப்பாவின் முகத்தில், கல்யாண மண்டபத்தில் தெரிந்தவர் யாரும் இல்லாமல் நிற்பவரின் களை.

கவுன்டரில் வரும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். “பட்ஜெட் எந்த?” தெலுங்கில் ‘எந்த’ என்றால் எவ்வளவு. தமிழ்க் காதில் அது வேறு கேள்வியாக விழும். எந்த பட்ஜெட் என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? வேடிக்கை என்னவென்றால், கிராபிக்ஸ் கார்டு வாங்கப் போகிறவர் முதலில் பதில் தேட வேண்டியது தமிழ் ‘எந்த’வுக்குத்தான். எந்த விளையாட்டு? எந்த மானிட்டர்? எந்த அறை? இவற்றுக்கு விடை தெரிந்த பிறகு தெலுங்கு ‘எந்த’வுக்குத் தானே விடை வந்துவிடும். சி.டி.சி.யில் நடப்பது அநேகமாகத் தலைகீழ். பணம் முதலில் பேசப்படுகிறது. அந்தப் பணத்துக்குள் அடங்கும் மிகப் பெரிய எண் கொண்ட கார்டு மேஜைக்கு வருகிறது. மிச்சம் இருக்கும் தொகைக்கு ஏதோ ஒரு மானிட்டர்.

இது சின்ன விஷயமில்லை. ஓரளவு நல்ல கார்டும் மானிட்டரும் சேர்ந்தால், நடுத்தரக் குடும்பம் ஃபிரிட்ஜுக்கோ வாஷிங் மெஷினுக்கோ கொடுக்கும் தொகையைத் தாண்டிவிடும். ஃபிரிட்ஜ் வாங்கும்போது அப்பா நட்சத்திரங்களை எண்ணுவார், கதவைத் திறந்து மூடிப் பார்ப்பார், அம்மா காய்கறித் தட்டை இழுத்துப் பார்ப்பார். கிராபிக்ஸ் கார்டின் முன்னால் அந்த வீட்டு அறிவு முழுவதும் வாயடைத்துப் போகிறது. பணம் மட்டும் அப்பாவுடையது. முடிவு யாரோ ஒருவருடையது. பணம் வீணாவதும் பொதுவாக மோசமான பொருளால் அல்ல. ஒன்றுக்கொன்று பொருந்தாத இரண்டு நல்ல பொருள்களால்.

ஹைதராபாதில் இது நடப்பது ஒரு வகையில் விந்தைதான். 1998 நவம்பரில் பிரதமர் வாஜ்பாய் சைபர் டவர்ஸைத் திறந்து வைத்தார். அடுத்த ஆண்டு என்விடியா தன் ‘ஜீஃபோர்ஸ் 256’ கார்டை, உலகின் முதல் ஜி.பி.யு. என்ற விளம்பரத்துடன் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று என்விடியா, ஏ.எம்.டி., இன்டெல் மூன்றுக்குமே இந்த நகரத்தில் பொறியாளர்கள் இருக்கிறார்கள். உலகில் பி.சி. கேமிங் கார்டுகளுக்கான சிப்பு செய்யும் பெரிய பெயர்கள் இந்த மூன்றும்தான். நகரின் மேற்குக் கோடியில் சிப்பு பற்றி இரவு பகலாக யோசிக்கிறார்கள். இந்தப் பக்கம் பார்க் லேனில் அதே சிப்பு, ஒரு எண்ணாகவும் ஒரு விலையாகவும் மட்டும் கைமாறுகிறது.

கார்டு செய்யும் வேலையைப் புரிந்துகொள்ளக் கூட்டல் பெருக்கல் போதும். சாதாரண ஃபுல் எச்.டி. திரையில் அகலத்தில் 1920, உயரத்தில் 1080 புள்ளிகள். மொத்தம் 20,73,600. அடுத்த படியான 1440பி திரையில் 36,86,400. 4கே திரையில் 82,94,400. அதாவது ஃபுல் எச்.டி.யைப் போல சரியாக நான்கு மடங்கு. விளையாட்டில் ஒவ்வொரு படத்துக்கும் இத்தனை புள்ளிகளுக்கும் நிறம் கண்டுபிடித்துத் தருவதுதான் கார்டின் வேலை. ஃபுல் எச்.டி.யில் நொடிக்கு 60 படம் என்றால் சுமார் 12 கோடி புள்ளிகள். 1440பி திரையில் நொடிக்கு 144 படம் என்றால் சுமார் 53 கோடி. ஒரே கார்டுக்கு முதல் வேலை விளையாட்டாகவும் இரண்டாவது வேலை மூச்சு முட்டுவதாகவும் இருக்கலாம். வேலையை நிர்ணயிப்பது மானிட்டர். எத்தனை மூட்டை ஏற்றப் போகிறோம் என்று தெரியாமல் லாரி வாங்குவதில்லையே.

புள்ளிகள் ஒரு கணக்கு என்றால் ஹெர்ட்ஸ் இன்னொரு கணக்கு. திரை நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்பதே ஹெர்ட்ஸ். பிரௌசிங் சென்டர் காலத்துப் பருத்த கண்ணாடி மானிட்டர்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. 60 ஹெர்ட்ஸில் அவை நடுங்கும், கண் எரியும்; விவரம் தெரிந்தவர் 75 அல்லது 85 என்று மாற்றி வைப்பார். பிறகு தட்டைத் திரைகள் வந்தன. நடுக்கம் போனது, ஆனால் வேகம் 60 என்றே நின்றுவிட்டது. இப்போது 144, 165, 180 எல்லாம் நடுத்தர விலையிலேயே கிடைக்கின்றன. 60 ஹெர்ட்ஸில் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 16.7 மில்லி வினாடி. 144-இல் 6.9. 240-இல் 4.2. முதல் தாவலில் கிட்டத்தட்ட 10 மில்லி வினாடி மிச்சம். அடுத்த தாவலில் மூன்றுக்கும் குறைவு. 60-லிருந்து 144-க்குப் போனால் வீட்டில் விளையாடுகிறவர் உடனே உணர்வார். 144-லிருந்து 240-க்குப் போனதை உணர, கை அதற்குப் பழகியிருக்க வேண்டும்.

எனவே ‘எந்த விளையாட்டு’ என்பது சம்பிரதாயக் கேள்வி அல்ல. ‘வேலரண்ட்’, ‘கவுன்ட்டர் ஸ்ட்ரைக்’ போன்ற துப்பாக்கிப் போட்டிகளில் வெற்றி வேகத்தில். படம் அழகாக இருப்பது இரண்டாம்பட்சம். தொழில்முறை ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் 24, 25 அங்குல ஃபுல் எச்.டி. திரையையே வைத்துக்கொள்கிறார்கள். தலையைத் திருப்பாமல் நாலு மூலையும் தெரிய வேண்டும், அவ்வளவுதான். இந்த விளையாட்டுகளுக்கு மிக விலையுயர்ந்த கார்டு தேவையில்லை. வேகத்துக்கு அணை போடுவது பல நேரங்களில் பிராசஸர்தான். ‘சைபர்பங்க் 2077’ போல ஒரு நகரத்தையே கட்டி நிறுத்தும் கதை விளையாட்டு என்றால் நிலைமை வேறு. மழையில் நனைந்த தார்ச்சாலையில் விளக்குகள் பிரதிபலிப்பதைப் பார்க்கத்தான் அதை வாங்குகிறார்கள். அங்கே 27 அங்குலம், 1440பி, சுமாரான வேகம் என்பது நல்ல கூட்டணி.

27 அங்குலத்தில் ஃபுல் எச்.டி. என்பது ஒரு பொறி. விலை குறைவு, பெட்டி பெரிது, வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் ஓர் அங்குலத்துக்கு 82 புள்ளிகள்தான் கிடைக்கும். 24 அங்குலத்தில் அதே ஃபுல் எச்.டி. 92 தரும், 27 அங்குல 1440பி 109 தரும். கை நீட்டும் தூரத்தில் உட்கார்பவருக்கு அந்த வித்தியாசம் எழுத்துகளின் ஓரத்திலேயே தெரிந்துவிடும். திரையின் ரகமும் கவனிக்க வேண்டியது. ஐ.பி.எஸ். திரையில் நிறம் நன்றாக இருக்கும், எந்தக் கோணத்திலிருந்தும் மாறாது. ஆனால் இருட்டறையில் அதன் கறுப்பு சாம்பலாகத் தெரியும். வி.ஏ. திரையில் கறுப்பு ஆழமானது. ஆனால் மலிவான வி.ஏ. திரைகளில் இருண்ட காட்சி வேகமாக நகரும்போது மை இழுத்தது போலப் பின்னால் ஒரு நிழல் ஓடும். ஓலெட் இரண்டிலும் சிறந்தது. ஆனால் ஒரே இடத்தில் நிலையாக நிற்கும் படம் நாளடைவில் தடம் பதிக்கலாம். பகலில் வேலை, இரவில் விளையாட்டு என்று ஒரே திரையை வைத்திருப்பவர் இதை யோசிக்க வேண்டும்.

மானிட்டர் முடிவானால் கார்டு பாதி முடிவான மாதிரி. மீதிப் பாதியில்தான் எண்களின் மாயாஜாலம். 2016-இல் வந்த ஜி.டி.எக்ஸ். 1060 கார்டு 3 ஜி.பி., 6 ஜி.பி. என இரண்டு வகையில் விற்றது. வித்தியாசம் நினைவகத்தில் மட்டும்தான் என்று வாங்கியவர்கள் நினைத்தார்கள். உண்மையில் சிறியதில் கணக்கிடும் கோர்களும் குறைவு: 1280-க்குப் பதில் 1152. ஆர்.டி.எக்ஸ். 3050-க்கும் அதே கதை. 2024-இல் வந்த 6 ஜி.பி. வகை, அதற்கு முந்தைய 8 ஜி.பி. வகையைவிடப் பலவீனமானது. 2022-இல் ஆர்.டி.எக்ஸ். 4080 என்ற ஒரே பெயரில் 12, 16 ஜி.பி. கார்டுகளை அறிவித்தபோது எழுந்த கூச்சலில், 12 ஜி.பி. கார்டை விற்பனைக்கு வருமுன்பே என்விடியா திரும்பப் பெற்றுக்கொண்டது. பிறகு அது வேறு பெயரில், 4070 டி.ஐ. என்று வந்தது. 2025-இல் வந்த ஆர்.டி.எக்ஸ். 5060 டி.ஐ.யும் ஏ.எம்.டி.யின் ஆர்.எக்ஸ். 9060 எக்ஸ்.டி.யும் 8, 16 என இரண்டு அளவில் வந்தன. பெட்டியில் பெயர் பெரிதாகவும் ஜி.பி. சிறிதாகவும் அச்சாகியிருக்கும். ஃபுல் எச்.டி.யில் போட்டி விளையாட்டு ஆடுகிறவருக்கு 8 ஜி.பி. போதும். 1440பி திரையில் புதிய கதை விளையாட்டு என்றால், நினைவகம் நிரம்பியதும் படம் திக்கித் திக்கி வரும். கார்டில் நினைவகத்தைப் பிறகு கூட்டிக்கொள்ள முடியாது.

பெட்டியின் மேல் அச்சாகும் வேகக் கணக்கையும் அப்படியே நம்புவதற்கில்லை. 2025 ஜனவரியில் 549 டாலர் விலையில் ஆர்.டி.எக்ஸ். 5070-ஐ அறிமுகப்படுத்திய என்விடியா தலைவர் ஜென்சன் ஹுவாங், அது பழைய உச்ச கார்டான 4090-க்கு இணையாக ஓடும் என்றார். 4090-இன் அறிமுக விலை 1,599 டாலர். கணக்கு எங்கே இருக்கிறது என்றால், உண்மையில் வரைந்த படங்களுக்கு நடுவே செயற்கை நுண்ணறிவு ஊகித்து வரையும் படங்களையும் சேர்த்து எண்ணியதில். கண்ணுக்கு வழவழப்பாக இருக்கும் என்பது சரி. ஆனால் மவுஸை அழுத்தியதும் துப்பாக்கி வெடிக்க ஆகும் நேரம் அதனால் குறைவதில்லை. நான்கு இட்லி கேட்டவருக்கு இரண்டு இட்லியும் இரண்டின் படமும் வைத்தது போல.

பழைய கார்டுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. 2020 முதல் 2022 வரை கிரிப்டோ காசு தோண்டுகிறவர்கள் கார்டுகளை மூட்டை மூட்டையாக அள்ளிப் போனார்கள். பையன்களுக்குக் கிடைக்கவில்லை, கிடைத்தாலும் விலை இரட்டிப்பு. 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி எதேரியம் தன் முறையை மாற்றிக்கொண்டதும் அந்தத் தோண்டல் ஒரே நாளில் நின்றது. இரவு பகலாக ஓடிய கார்டுகள் பழைய சந்தைக்கு வந்தன. பழைய கார்டு என்றாலே தீண்டத்தகாதது என்றில்லை. பில், சீரியல் எண், மிச்சமிருக்கும் வாரண்டி, கண் முன்னால் அரை மணி நேரம் விளையாட்டு ஓட்டிக் காட்டுவது, இந்த நான்கும் இருந்தால் யோசிக்கலாம். நான்கில் ஒன்றுக்கு மழுப்பலான பதில் வந்தாலும் நன்றி சொல்லி அடுத்த மாடிக்குப் போவது உத்தமம். புதிய கார்டிலும் பில் முக்கியம். ஆயிரம் ரூபாய் குறைப்பதாகச் சொல்லி வெள்ளைத் தாளில் எழுதித் தருகிற இடத்தில் மிச்சமாவது ஆயிரம், போவது வாரண்டி.

இவ்வளவு நேரம் மௌனமாக நின்ற அப்பாவின் முறை இப்போது வருகிறது. மின்சாரம் அவருக்குத் தெரிந்த விஷயம். கடைகளில் கேபினெட்டோடு சேர்த்து ஒரு எஸ்.எம்.பி.எஸ். கொடுப்பார்கள். மேலே 500 வாட் என்று ஒட்டியிருக்கும். பெயர் தெரியாத மலிவுப் பெட்டி அந்த 500 வாட்டையும் தாங்கும் என்பதற்கு அந்த ஸ்டிக்கரைத் தவிர சாட்சி இல்லை. ஆர்.டி.எக்ஸ். 5060-க்கு 145 வாட் வேண்டும். உச்சத்தில் இருக்கும் 5090-க்கு 575. கார்டுக்குப் பல ஆயிரம் கொடுத்துவிட்டு எஸ்.எம்.பி.எஸ்.ஸில் ஆயிரத்தைப் பிடிப்பது, பட்டுப்புடவையை உப்பு நீரில் துவைப்பது போல. வீட்டில் இருக்கும் யூ.பி.எஸ்.ஸும் அவர் துறைதான். 600 வி.ஏ. என்று விற்பவை பெரும்பாலும் 360 வாட் வரைதான் தாங்கும். விளையாட்டின் நடுவே மின்சாரம் போனால் அது காப்பாற்றுமா, கைவிடுமா என்று அப்பாதான் கணக்குப் போட முடியும்.

வெப்பமும் உண்டு. கம்ப்யூட்டர் இழுக்கும் மின்சாரம் கடைசியில் சூடாகத்தான் அறைக்குள் வந்து சேரும். 300 வாட் இழுக்கும் பெட்டி, 300 வாட் ஹீட்டருக்குச் சமம். ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் ஹைதராபாதில், மாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தினம் நான்கு மணி நேரம் அதை ஓட்டினால் மாதத்துக்கு 36 யூனிட். அதைக் குளிர்விக்க ஏ.சி. இழுப்பது தனி. குறைந்த வாட்டில் ஓடும் கார்டு இந்த ஊரில் சிக்கனம் மட்டுமல்ல, சௌகரியமும்கூட.

இதற்கெல்லாம் அடியில் பேசப்படாத ஒன்று இருக்கிறது. “படிப்புக்குத்தான்பா” என்பது பல வீடுகளில் பையன் சொல்லும் முதல் வாக்கியம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. 2007-இல் என்விடியா ‘குடா’ என்ற மென்பொருளை வெளியிட்ட பிறகு கிராபிக்ஸ் கார்டு விளையாட்டுப் பொருளாக மட்டும் இல்லை; இன்றைய செயற்கை நுண்ணறிவு அதன் மேல்தான் வளர்ந்தது. அமீர்பேட்டில் கோர்ஸ் முடித்து வேலைக்குப் போன தலைமுறை அப்பாவுக்கு அந்தச் சொல் உடனே உறைக்கும். ஆனால் இரண்டு வேலைக்கும் கார்டு வேறு. செயற்கை நுண்ணறிவு பழகவும் ‘பிளெண்டர்’ போன்ற முப்பரிமாண வேலைக்கும் என்விடியாவும் அதிக நினைவகமும் கைகொடுக்கும். விளையாட்டுக்கு மட்டும் என்றால் ஏ.எம்.டி. அதே பணத்துக்கு அதிகம் தரக்கூடும். விளையாட்டுக்கு வாங்குவதைப் படிப்புக்கு என்று சொன்னால், கடைக்காரர் படிப்புக்கான கார்டைத்தான் எடுத்து வைப்பார். பொய்க்கும் விலை உண்டு. அதை பில்லில் சேர்த்துத்தான் கட்ட வேண்டும்.

விளையாட்டு என்று ஒப்புக்கொள்வதில் வெட்கமும் இல்லை. 2022 டிசம்பரில் மத்திய அரசு இ-ஸ்போர்ட்ஸைப் பல்துறை விளையாட்டுகளில் ஒன்றாக அங்கீகரித்தது. மறு ஆண்டு ஹாங்ஜோவில் நடந்த ஆசிய விளையாட்டில் அதற்குப் பதக்கமும் கொடுத்தார்கள். 2025-இல் வந்த ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் பணம் கட்டி ஆடுவதைத் தடை செய்தது. இ-ஸ்போர்ட்ஸைத் தனியே பிரித்து வைத்தது. அப்பா பயப்பட வேண்டியது எதற்கு, வேண்டாதது எதற்கு என்ற கோட்டைச் சட்டமே போட்டுக் கொடுத்துவிட்டது. மீதியை ராத்திரி எத்தனை மணிக்கு அணைப்பது என்ற பேச்சுவார்த்தையில் முடித்துக்கொள்ளலாம்.

பெட்டிகள் வீட்டுக்கு வந்துவிட்டன. இப்போதுதான் யாருக்கும் சொந்தமில்லாத கால் மணி நேரம் ஒன்று இருக்கிறது. கடைக்காரரின் வேலை பில்லோடு முடிந்தது. கம்பெனியின் வேலை அட்டைப் பெட்டியோடு. கேபிளை எங்கே செருகுவது? கம்ப்யூட்டரின் பின்புறம் மேலே மதர்போர்டின் துளை இருக்கும். கீழே படுக்கைவாட்டில் கார்டின் துளைகள். கண்ணில் முதலில் படுவது மேலே உள்ளது என்பதால் அதிலேயே செருகிவிட்டு, புதுக் கார்டு வேகமே இல்லை என்று வருந்துகிறவர்கள் உண்டு. கார்டின் உழைப்பு முழுமையாகத் திரைக்கு வர, கேபிள் கார்டில்தான் இருக்க வேண்டும். பல மானிட்டர்களில் முழு வேகமும் டிஸ்பிளேபோர்ட் வழியாகத்தான் கிடைக்கும், எச்.டி.எம்.ஐ. வழியாகக் குறைவு. கார்டுக்குப் போகும் மின் இணைப்பை ‘கிளிக்’ என்று உட்காரும் வரை அழுத்த வேண்டும். 2022-இல் சில 4090 கார்டுகளின் இணைப்பு உருகியபோது, அது முழுவதும் செருகப்படாததை ஒரு காரணமாகச் சொன்னது என்விடியா.

அடுத்தது, மிகச் சாதாரணமான, மிக அதிகமாக மறக்கப்படும் வேலை. 165 ஹெர்ட்ஸ் மானிட்டரை மாட்டினாலும் விண்டோஸ் பல சமயம் 60-லேயே ஓட்டிக்கொண்டிருக்கும். செட்டிங்ஸில் டிஸ்பிளே, அதற்குள் அட்வான்ஸ்டு டிஸ்பிளே. அங்கே போய் ஒருவர் கையால் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் மூன்று மடங்கு வேகத்துக்குக் காசு கொடுத்துவிட்டு, ஒரு மடங்கில் வருஷக்கணக்காக விளையாடலாம். யாரும் வந்து சொல்லப் போவதில்லை. பிறகு அடாப்டிவ் சிங்க். கார்டு படத்தை முடிக்கும் வரை திரை காத்திருந்து புதுப்பிக்கும் ஏற்பாடு இது. படம் குறுக்கே கிழிவது போலத் தெரிவதைத் தடுக்கும். 2013-இல் என்விடியா ஜி-சிங்க் என்ற பெயரில் தனிச் சில்லோடு இதைக் கொண்டுவந்தது. 2019 ஜனவரி முதல் சாதாரண அடாப்டிவ் சிங்க் மானிட்டர்களிலும் என்விடியா கார்டு இதைச் செய்கிறது. மானிட்டர் மெனுவில் ஒரு முறை, கார்டின் மென்பொருளில் ஒரு முறை இயக்கினால் போதும், விலை பூஜ்யம். ஓவர்டிரைவ் என்பதை உச்சத்தில் வைக்க வேண்டாம்; பெட்டியில் அச்சடித்த ‘1 மில்லி வினாடி’ பெரும்பாலும் அந்த உச்சத்தில் எடுத்த கணக்கு. உருவங்களைச் சுற்றி ஒளிவட்டம் தெரிந்தால் ஒரு படி இறக்குவது நல்லது. வெளிச்சத்தையும் இறக்கலாம். பல மானிட்டர்கள் வீட்டறைக்குத் தேவைக்கு மேல் வெளிச்சத்தோடுதான் வருகின்றன. திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில், அல்லது சற்றுக் கீழே. முகத்திலிருந்து ஒரு கை தூரத்தில். ஜன்னல் திரைக்கு எதிரேயும் வேண்டாம், பின்னேயும் வேண்டாம், பக்கவாட்டில் இருக்கட்டும்.

பணம் பற்றாதபோது எதில் குறைப்பது என்ற கேள்வி எல்லா வீட்டிலும் வரும். கார்டின் ஆயுள் சிறிது. மூன்று, நான்கு ஆண்டுகளில் புதிய விளையாட்டுகள் அதைப் பின்தள்ளிவிடும். நல்ல மானிட்டர் இரண்டு கார்டுகளைப் பார்த்துவிடும். விளையாடாத நேரத்திலும் அதுதான் கண்ணுக்கு எதிரே இருக்கிறது. தங்கையின் ஆன்லைன் வகுப்பும், அம்மா பார்க்கும் பழைய படமும், அப்பாவின் அலுவலகக் கணக்கும் அதில்தான். வரியும் இப்போது தடையில்லை. 2019 முதல் 32 அங்குலத்துக்கு மேல் போனால் 28 சதவீத ஜி.எஸ்.டி. என்று இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் அளவு எதுவானாலும் 18 சதவீதம். எனவே குறைப்பதானால் கார்டில் ஒரு படி குறைத்து, திரையில் குறைக்காமல் இருப்பதே வீட்டுக்கு லாபம். விளையாட்டில் நிழலின் தரத்தை ‘அல்ட்ரா’விலிருந்து ‘ஹை’க்கு மாற்றினால் கண்ணுக்குப் பெரிய நஷ்டமில்லை, மங்கலான திரையை மாற்ற எந்த செட்டிங்கும் கிடையாது.

பார்க் லேனில் அடுத்த வருஷம் இன்னொரு எண் வரும். இந்த வருஷத்து எண் சிறியதாகிப் போகும். அதற்காக வருந்த வேண்டியதில்லை. வரவேற்பறையின் அளவை அளந்துகொண்டு சோபா வாங்கப் போகிற குடும்பம், மேஜைக்கும் கண்ணுக்கும் உள்ள தூரத்தையும் அளந்துகொண்டு சி.டி.சி.க்குப் போகலாம். அளவு கையில் இருப்பவரிடம் பட்ஜெட்டுக்கு முன்பாகவே வேறு பேச்சு ஆரம்பிக்கும். அந்தப் பேச்சில் கலந்துகொள்ள அப்பாவும் இரண்டடி முன்னால் வந்து நிற்பார்.